பசாசுக் கொப்பி

கிறேசை ஊரிலே ‘பசாசின்ரை பெண்சாதி’ என்றுதான் சொல்வார்கள். பகிடிக்குத்தான். அவளும் அதற்குக் கோபித்ததில்லை. புருசன் யாகப்பு கோயில் கூத்தில் ஒன்பது வருசம் பசாசு ஆடியவன். பிறகு அவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

முல்லைத்தீவுக் கரையிலிருந்த அந்தச் சின்னக் கிராமத்தில், தை மாதப் பெருநாளுக்குப் புனிதர் ஒருவரின் கதையைக் கூத்தாக ஆடுவது வழக்கம். புனிதராக ஆடவும் அரசனாக ஆடவும் பெரிய பிடுங்குப்பாடு நடக்கும். அதில் மனஸ்தாபப்பட்டு ஆறு மாதம் முகம் பாராமல் திரிந்த குடும்பங்களும் உண்டு. பசாசுக்கு மட்டும் ஆள் அகப்படாது. யார் வருவான்? முகமெல்லாம் கரி, பழைய வலையில் திரித்த வால், வாயைத் திறந்தால் தேவதூஷணம், கடைசியில் புனிதரிடம் அடி வாங்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஓட்டம். யாகப்பு தானாகவே எழுந்து, “நான் ஆடுறன். எனக்குக் கலியாணம் முடிஞ்சுது, இனி ஆர் பொம்பிளை தராட்டி எனக்கென்ன?” என்றானாம். சபை சிரித்தது. கல்யாணமாகி நாலு மாதமே ஆன கிறேஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கூத்து முழுவதும் ஒரு பெரிய கொப்பியில் இருந்தது. அது கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் வீட்டில் இருக்கும். ஆட்டக்காரர் தங்கள் தங்கள் பாட்டை மட்டும் அதிலிருந்து பார்த்து ஆளுக்கொரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். அரசனுடைய கொப்பி அரசன் வீட்டு அலுமாரியில் தலைமுறையாக இருக்கும். பசாசின் கொப்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூத்து முடிந்த கையோடு அதை நூலால் கட்டிவிடவேண்டும். தபசு காலம் முழுவதும் அது கட்டுண்டு கிடக்கும். உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள், பெரிய சனியன்று, சுவாமியார் கோயில் வாசலில் புதுநெருப்பு மூட்டும்போது அதைத் தூக்கி அந்த நெருப்பில் போட்டுவிடவேண்டும். வீட்டில் வைத்திருந்தால் வலையில் மீன் படாது, போன வள்ளம் திரும்பாது என்பது ஊரின் பயம். அதனால் யாகப்பு வருசா வருசம் புதிதாய் எழுதுவான், வருசா வருசம் எரிப்பான்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு பங்குனி மாதம். கூத்து முடிந்திருந்தது, பெரிய சனி இன்னும் வரவில்லை. கடலுக்குப் போகக்கூடாதென்று தடை. போகாவிட்டால் அடுப்பு எரியாது. விடியப் போன யாகப்பு திரும்பவில்லை. வெளிக்கடலில் வெடிச்சத்தம் கேட்டதென்று சிலர் சொன்னார்கள், கேட்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. பிள்ளையில்லை, படமில்லை, கல்யாணத்துக்கு எடுத்த ஒரே படத்தையும் கறையான் தின்றிருந்தது. அவன் கை பட்டதென்று வீட்டில் மிஞ்சியது கட்டிப்போட்டிருந்த அந்தக் கொப்பி ஒன்றுதான்.

பதினோராம் நாள் கிறேஸ் கட்டை அவிழ்த்தாள். பாவம் என்று தெரிந்துதான் அவிழ்த்தாள். நடுவில் நீலப் பேனையால் பாட்டுகள். சிவப்புக் கோட்டுக்கு இப்பால், ஓரத்தில், பென்சிலால் யாகப்பு தனக்குத்தானே ஏதேதோ எழுதி வைத்திருந்தான். ‘இதிலை இருமு, பிறகு பாடு.’ ‘வாலை இடக்கையாலை பிடி.’ அதற்குப் பக்கத்தில் வால் எப்படித் திரிக்கவேண்டும் என்று ஒரு சின்னப் படம். நுனியில் வலை மிதப்பு ஒன்று கட்டியிருந்தது. ‘நூல் முடிஞ்சுது, வாங்கோணும்.’ ஒரு பக்கத்தில் மட்டும் அழுத்தி, கீழே கோடும் போட்டு, ‘இந்த இடத்திலை கிறேசைப் பாக்காதை. சிரிப்பு வரும்.’

அடப் பாவி மனிசா! ஒன்பது வருசமும் முன்வரிசைப் பாயில் குந்தியிருந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறாள். கரி பூசிய முகத்துக்குள்ளிருந்து அவனுக்குத் தன்னைத் தெரியாது என்றே நினைத்திருந்தாள். பதினொரு நாளும் கல்லாய்க் கிடந்தவள் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

பெரிய சனியன்று கோயில் மூப்பர் ஸ்ரனிஸ்லஸ் வந்து, “பிள்ளை, கொப்பி” என்று கையை நீட்டினார். ஸ்ரனிஸ்லஸ் நல்ல மனிதர். கோயில் மணி அடிப்பவர், செத்த வீட்டில் முதல் ஆளாய் நிற்பவர், யாகப்புவுக்குத் தூரத்துச் சொந்தம். கிறேஸ் உள்ளே போனாள். தான் சின்ன வயதில் எழுதிய ஞானோபதேசக் கொப்பியை எடுத்தாள், நூலால் கட்டினாள், கொண்டுவந்து கொடுத்தாள். மூப்பருக்குக் கண் மங்கல்; நெருப்புக்கோ எழுத்து வாசிக்கத் தெரியாது. செபங்கள் எரிந்தன, பசாசு தப்பியது.

அன்றிலிருந்து அதுதான் அவளுடைய சீவியம். கடலிலிருந்து ஷெல் வரத்தொடங்கி ஊர் முழுவதும் உடையார்கட்டுக்கு இடம்பெயர்ந்தபோது, ஆட்கள் கதிரையையும் கிடாரத்தையும் ஏற்றினார்கள். அவள் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு நடந்தாள். கடற்கரையில் பிறந்தவள் வயலில் களை பிடுங்கினாள். சைக்கிளில் கருவாடு கொண்டு திரிந்து விற்றாள். ஆண்டுக்கொரு தரம் மலேரியாவில் விழுந்தாள். யாகப்புவின் ஆத்துமத்துக்குப் பூசை கொடுக்கச் சொல்லிச் சனம் கேட்டால், “ஆளைக் காணாமல் என்ன பூசை?” என்பாள். பின்னேரங்களில் கொட்டில் வாசலில் இருந்து கொப்பியைத் திறப்பாள். பசாசின் பாட்டை ஒரு பொம்பிளை தனியே இருந்து வாசித்தால் என்ன வருமோ என்று அவளுக்குப் பயம். ஆகையால் பாட்டெழுதிய பக்கத்தின் மேலே செபப்புத்தகத்தை வைத்து மூடிக்கொள்வாள். ஓரத்தை மட்டும் வாசிப்பாள். ஏழு வருசமும் இப்படித்தான், ஒரு வரிப் பாட்டுக்கூட அவள் வாசித்ததில்லை.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை மாதம் நல்லதம்பி மாஸ்ரர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய அதிபர். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே காலியான பெரிய இடப்பெயர்வில் சனங்கள் சட்டிபானையோடு ஓடி வர, அந்த மனிதர் நாலு றங்குப் பெட்டி நிறைய ஏட்டுச் சுவடியோடு வந்தவர். புதுக்குடியிருப்பில் ஒரு தகரக் கொட்டகையில் சுவடி நூலகம் வைத்திருந்தார். சாவகச்சேரி, உருத்திரபுரம், முள்ளியவளை என்று எங்கெங்கிருந்தோ சனம் தூக்கிவந்த ஏடும் கையெழுத்துப் பிரதியும் பழைய அச்சுப் புத்தகமும் அங்கே போய்ச் சேர்ந்தன. இடம்பெயர்ந்த மழையில் அண்ணாவியாரின் பெரிய கொப்பி கூழாகிப்போனதை அவர் அறிந்திருந்தார். ஆட்டக்காரரின் கொப்பிகளை ஒன்றுசேர்த்தால் கூத்தைத் திரும்பக் கட்டலாம் என்று கொட்டில் கோயிலில் சனத்துக்கு விளக்கினார். மூப்பர் வீடு வீடாகப் போய் இருபத்தொரு கொப்பி சேர்த்துக் கொடுத்தார்.

“பசாசு எங்கை?” என்று மாஸ்ரர் கேட்டார்.

“அது எரிக்கிறது எங்கடை முறை மாஸ்ரர். அது கிடையாது.”

“அட கடவுளே! பசாசு இல்லாட்டில் உங்கடை புனிதருக்கு என்ன வேலை? இவர் மறுமொழி சொல்லுறார், சொல்லுறார், கேள்வி கேக்க ஆளில்லை!”

சனம் சிரித்தது. கிறேஸ் சிரிக்கவில்லை. ஒன்பது வருசம் யாகப்பு தொண்டை கிழியப் பாடிய பாட்டு இல்லாமலே கூத்து போய்விடுமா? அரசன், மந்திரி, காவற்காரன் எல்லாம் நூலகத்தில் இருப்பார்கள். அவளுடைய மனுசன் மட்டும் எங்கேயும் இல்லை. கொடுத்தால் ஊரை ஏழு வருசம் ஏமாற்றியது வெளியே வரும். கொடுக்காவிட்டால் அவன் இருந்ததே இல்லை என்றாகும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் சைக்கிளை எடுத்தாள்.

கொட்டகைக்குள்ளே சிவப்புத் துணியில் சுற்றிய ஏடுகள் வரிசையாக இருந்தன. கறையான் ஏறாதபடி ஒவ்வொரு மேசைக் காலும், மீன் அடைத்து வந்த வெறும் தகர ரின் ஒன்றில் ஊற்றிய தண்ணீருக்குள் நின்றது. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள்: ‘பேனை கொண்டு வரவேண்டாம். எந்தப் பிரதியிலும் எதுவும் எழுதக்கூடாது.’ மாஸ்ரர் கொப்பியைத் திறந்து பார்த்தார்.

“பாத்து எழுதிப்போட்டுத் திருப்பித் தந்திடவேணும்” என்றாள் கிறேஸ். “மூப்பருக்குத் தெரியக்கூடாது மாஸ்ரர். தெரிஞ்சால் நான் கோயில் வாசலிலை நிக்கேலாது.”

“என்ரை தலை போனாலும் தெரியாது, தங்கச்சி. இங்கை வந்தது ஒண்டும் அழிஞ்சதில்லை.”

சொன்னபடியே மாஸ்ரர் காப்பாற்றினார். எவ்வளவு நன்றாகக் காப்பாற்றினார் என்றால், பார்த்தெழுதுகிற ராஜினியிடம்கூட அந்த ரகசியத்தைச் சொல்லவில்லை. அதுதான் வினையாய்ப் போயிற்று.

ராஜினி உருத்திரபுரத்துப் பிள்ளை, இருபத்துமூன்று வயது, முத்து முத்தான எழுத்து. கொப்பி கைக்கு வந்து மூன்று கிழமைக்குள் பசாசை முடித்துவிட்டாள். கிறேஸ் வரவில்லை, மலேரியாவில் விழுந்து கிடந்தாள். குருத்தோலை ஞாயிறுக்கு அடுத்த நாள், இருபத்தொரு கொப்பியையும் திருப்பி எடுத்துப்போக மூப்பர் சைக்கிளில் வந்தார். மாஸ்ரர் அன்றைக்கு ஓர் ஏடு பார்க்க முள்ளியவளைக்குப் போயிருந்தார். காய்ச்சலோடு அந்த அக்கா பத்துக்கட்டை தூரம் வெயிலில் ஏன் சைக்கிள் உழக்கவேண்டும் என்று ராஜினி நினைத்தாள். நல்ல மனசு. நல்ல மனசு செய்கிற வேலையைக் கெட்ட மனசு செய்யாது!

“கிறேஸ் அக்காவின்ரையும் ஒண்டு இருக்கு. குடுத்து விடுறீங்களோ ஐயா?”

“ஓம் பிள்ளை, தா” என்றார் மூப்பர்.

அந்த வருசப் பெரிய சனிப் பூசையைப் பொழுது சாயமுதலே வைத்தார்கள். இருட்டில் நெருப்பு மூட்டினால் விமானம் வரும் என்ற பயம். காய்ச்சல் விட்டு எழும்பிய கிறேஸ் கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கொட்டில் கோயிலுக்கு வந்தாள். சுவாமியார் நெருப்பை மூட்டினார். மூப்பர் மெதுவாக முன்னே போய், கடதாசியில் சுற்றிய ஒரு பொதியை அதற்குள் வைத்தார். பழைய குருத்தோலையாக்கும் என்று கிறேஸ் நினைத்தாள். கடதாசி பற்றியது. நெருப்பிலிருந்து ஆளாளுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்கள், அவளும் கொளுத்தினாள். ஞானஸ்நான வாக்கைப் புதுப்பிக்கும் முறைப்படி, பசாசை விட்டுவிடுகிறீர்களா என்று சுவாமியார் கேட்டார். “விட்டுவிடுகிறோம்” என்று சனம் சொன்னது. மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு கிறேசும் சொன்னாள்.

அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு. மத்தியானம் மூப்பர் அவளுடைய கொட்டிலுக்கு வந்தார். கையில் ஒரு பை மாம்பழம். மணலில் குந்திக்கொண்டு, பக்கத்துக் கொட்டிலுக்குக் கேளாமல் பேசினார்.

“பிள்ளை, நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை. எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சுவாமிக்கும் சொல்லேல்லை.”

“என்னத்தை மூப்பர்?”

“ஏழு வருசம் இந்தப் பாரத்தைத் தனியச் சுமந்திட்டாய். எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமெல்லோ? நூலகத்துப் பிள்ளை என்ரை கையிலைதான் தந்தது. நான் பிரிச்சும் பாக்கேல்லை பிள்ளை, அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு அவன்ரை பேரைப் பாத்த உடனை விளங்கீட்டுது. நேற்று நெருப்பிலை வைச்சிட்டன்.” கிழவருக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. “இனி அவன் கரை சேர்ந்திடுவான். உனக்கும் நல்ல நித்திரை வரும்.”

கிறேஸ் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது? திட்டவா? எழுபத்தாறு வயதுக் கிழவன், இந்த வெயிலில் மாம்பழம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவளுடைய மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். யாகப்பு கரை சேரவேண்டுமென்று அவளைவிட அதிகமாய்ச் செபித்தவன் உலகத்தில் இருந்தால் அது இந்த மனுசன்தான். கத்தவேண்டும்போல இருந்தது. கத்தினால் நாலு கொட்டிலும் கூடும். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

“தண்ணி குடிக்கிறியளோ மூப்பர்?” என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் புதுக்குடியிருப்புக்குப் போனாள். காய்ச்சல் கால், இரண்டு இடத்தில் இறங்கி நின்று நின்றுதான் போனாள். நடந்ததைக் கேட்ட நல்லதம்பி மாஸ்ரர் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டார். ராஜினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

“அக்கா, சத்தியமாய் எனக்குத் தெரியாதக்கா. ஆரும் எனக்குச் சொல்லேல்லை அக்கா.”

“உன்னிலை பிழை இல்லை” என்றார் மாஸ்ரர். “நான்தான் சொல்லாமல் விட்டவன்.” பிறகு, மூழ்கிறவன் பலகையைப் பிடிக்கிறமாதிரி, “ஆனால் பிரதி இருக்குது தங்கச்சி. ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்குது. பிள்ளை, அதை எடுத்துக்கொண்டு வா” என்றார்.

ராஜினி கொண்டுவந்து வைத்தாள். பச்சைத் துணி ஒட்டிய அட்டை. உள்ளே கறுப்பு மையில் முத்து முத்தான எழுத்து. கோயிலில் வைத்துக் கும்பிடலாம், அவ்வளவு வடிவு. கிறேஸ் ஒரு தாளைத் திருப்பினாள். அடுத்ததைத் திருப்பினாள். கடைசித் தாள் வரைக்கும் போய், திரும்ப முதல் தாளுக்கு வந்தாள். ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

“ஓரத்திலை பென்சிலாலை எழுதியிருந்ததெல்லாம் எங்கை தங்கச்சி?”

ராஜினி மாஸ்ரரைப் பார்த்தாள். “அது… பாட்டு இல்லைத்தானே அக்கா. அவர் தன்ரை வசதிக்கு எழுதினது. நூல் வாங்கோணும், இருமோணும் எண்டெல்லாம் கிடந்தது. கூத்துக்கு உரியதை மட்டும் எழுதெண்டு மாஸ்ரர் சொன்னவர்.”

மேசைக் கால்கள் மீன்ரின் தண்ணீருக்குள் நின்றன. ஏடுகள் பத்திரமாக இருந்தன. மாஸ்ரர் எழுந்து போய்த் தன்னுடைய மேசை லாச்சியைத் திறந்தார், ஒரு பென்சிலை எடுத்தார், கத்தியால் சீவினார். சுவரில் ஒட்டியிருந்த தாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை அவளிடம் நீட்டினார்.

“உங்களுக்கு நினைவிருக்கும். நினைவிருக்கிறதை நீங்களே ஓரத்திலை எழுதுங்கோ. இந்தப் பிரதியிலைதான், அந்தந்த இடத்திலை. நான் சொல்லுறன், எழுதுங்கோ.”

நினைவில்லாமலா? ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. எந்த எழுத்தை அழுத்தினான், எதற்குக் கீழே கோடு போட்டான் எல்லாம் கண்ணுக்குள் நின்றது. பென்சிலை வாங்கிக்கொண்டு கதிரை விளிம்பில் இருந்தாள். பசாசின் பாட்டை வாழ்நாளில் முதற்தடவையாக வாசித்தாள். கூத்தில் கேட்டுச் சிரித்த அதே பாட்டுத்தான், இதற்கா இவ்வளவு பயந்தது! பசாசு பெருமை அடித்தது, புனிதரை வெருட்டியது, அடி வாங்கியது, ஐயோ விடுங்கோ என்று கெஞ்சியது. எல்லா இடத்திலும் சிரிப்பு வரலாம் போலிருந்தது. பிரதியில் பக்கங்களும் மாறியிருந்தன. எதைப் பாடும்போது அவன் அவளைப் பார்த்தான்? பசாசு முதன்முதல் ஆடிவரும் வரவிலா, ஓட்டத்திலா? அந்த இடத்தில் ஏழு வருசமும் செபப்புத்தகம் இருந்தது.

“தங்கச்சி,” என்று ராஜினியைக் கேட்டாள், “கிறேசைப் பாக்காதை எண்டு ஒண்டு எழுதியிருந்தது. கீழை கோடு போட்டு. அது எந்தப் பாட்டுக்குப் பக்கத்திலை?”

ராஜினி கண்ணை மூடி யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

“நான் பாட்டை மட்டும்தான் பாத்தனான் அக்கா.”

கிறேஸ் ஓம் என்று தலையசைத்தாள். இன்னொருதரம் முதலிலிருந்து கடைசி வரை தாள்களைப் புரட்டினாள். எந்த இடம் என்று தெரியவில்லை. பென்சிலை மாஸ்ரரின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.